ஹார்மோன் சுரக்கும் அட்ரீனல் கட்டியின் இடத்தைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேல்முனையிலும் ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் எடை ஏறத்தாழ 4 முதல் 5 கிராம்தான். அதன் வெளிப்பகுதியான புறணி ஆல்டோஸ்டிரோன், கார்டிசால், ஆண்ட்ரோஜன்கள் ஆகியவற்றைச் சுரக்கிறது. உட்பகுதியான அகணி அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் சுரக்கிறது. இவற்றுள் ஒன்றைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கட்டி, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலும்கூட, ரத்த அழுத்தத்தை மருந்துக்கு அடங்காத நிலைக்குக் கொண்டுபோகவும், எலும்பை நலிவுறச் செய்யவும், இதயத்தின் இயக்கத்தைக் குலைக்கவும் வல்லது. அந்தக் கட்டி எந்தச் சுரப்பியில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் ஒரே அறுவை சிகிச்சையில் நோயை நீக்கிவிடலாம். தவறான பக்கத்துச் சுரப்பியை அகற்றிவிட்டால், நோயும் நீங்காது, நல்ல சுரப்பியும் போய்விடும்.

இந்தத் தேடலில் அடிக்கடி நேரும் பிழை, எடுத்த எடுப்பிலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதாகும். வேறு காரணத்துக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போது தற்செயலாக அட்ரீனல் கட்டி தென்படுவது அரிதான நிகழ்வல்ல. 50 வயதை ஒட்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேரிடமும், முதியவர்களில் நூற்றுக்கு 10 பேர் வரையிலும் அது காணப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை எந்த ஹார்மோனையும் மிகையாகச் சுரக்காத, தீங்கற்ற கட்டிகள். எனவே உயர் ரத்த அழுத்தம் உள்ள ஒருவரின் ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பதாலேயே அழுத்தத்துக்குக் காரணம் அந்தக் கட்டிதான் என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் சில கட்டிகள் 5 மில்லிமீட்டர் அளவிலேயே நின்று, ஸ்கேனில் தென்படாமலே போகின்றன. ஸ்கேன் வடிவத்தைத்தான் காட்டும், சுரப்பைக் காட்டாது. ஆகவே முதலில் ரத்தத்திலும் சிறுநீரிலும் ஹார்மோன் மிகுதியை நிறுவ வேண்டும், அதன் பிறகே இடத்தைத் தேட வேண்டும் என்ற வரிசை இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

முதல் படி: யாரிடம், எந்த ஹார்மோனைத் தேடுவது

நோயாளியின் உடலே பல சமயம் திசையைக் காட்டிவிடுகிறது. மூன்று மருந்துகள் எடுத்தும் அடங்காத ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு, தசைச் சோர்வு ஆகியவை ஆல்டோஸ்டிரோனை நினைவூட்ட வேண்டும். ஆல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பான அளவிலேயே இருப்பதால், அது குறையவில்லை என்பதை வைத்து இந்த நோயை ஒதுக்கிவிடக் கூடாது. எளிதில் கன்றிப்போகும் தோல், வயிற்றில் அகன்ற ஊதாநிறக் கோடுகள், தொடை மற்றும் தோள் தசைகளின் வலுவிழப்பு, இளம் வயதிலேயே எலும்பு மெலிவு ஆகியவை கார்டிசாலைச் சுட்டுகின்றன. திடீரெனத் தோன்றி மறையும் தலைவலி, வியர்வை, படபடப்பு என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், அகணியில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைத் தேட வேண்டும். பெண்ணுக்குச் சில மாதங்களுக்குள் முகத்தில் அடர்ந்த முடி வளர்ந்து, குரலும் தடித்துப்போனால், ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டியை ஐயுற வேண்டும்.

தற்செயலாகக் கட்டி கண்டறியப்பட்டவர்களுக்கு வழி சற்று மாறுகிறது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அவர்கள் எல்லோருக்கும் கார்டிசால் பரிசோதனை தேவை. கொழுப்புச் செறிந்த புறணிக் கட்டிதான் என்று சி.டி. ஐயமறக் காட்டாத அனைவருக்கும் ஃபியோகுரோமோசைட்டோமாவைத் தேடும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையும், உயர் ரத்த அழுத்தமோ பொட்டாசியம் குறைவோ இருந்தால் ஆல்டோஸ்டிரோன் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: ஹார்மோன் மிகுதியை நிறுவுதல்

ஆல்டோஸ்டிரோனுக்கான தொடக்கப் பரிசோதனை, அதற்கும் ரெனினுக்கும் உள்ள விகிதமாகும். இந்த நோயை அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்து வெளியிட்டார். பரிசோதனையின் அடிப்படை இதுதான்: சுரப்பி தன்னிச்சையாக ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும்போது உடலில் உப்பும் நீரும் தேங்கி, சிறுநீரகம் ரெனின் சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிய பிறகு, 5 முதல் 15 நிமிடம் அமர வைத்து ரத்தம் எடுக்க வேண்டும். ஆல்டோஸ்டிரோனை நானோகிராம்/டெசிலிட்டர் அலகிலும் ரெனினின் செயல்திறனை மணிக்கு நானோகிராம்/மில்லிலிட்டர் அலகிலும் அளந்தால், விகிதம் 20 அல்லது 30-க்கு மேல் இருப்பதைப் பல மையங்கள் ஐயத்துக்குரியதாகக் கொள்கின்றன. எல்லை எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்பதால், அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது ஆபத்தானது.

இந்தப் பரிசோதனை தவறாகப் போவதற்கு இரண்டு காரணங்களை மிகுதியாகக் காணலாம். பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது ரத்தம் எடுப்பது ஒன்று; பொட்டாசியம் குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் சுரப்பும் குறைந்து நோய் மறைந்துவிடும் என்பதால், முதலில் அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மருந்துகள் மற்றொன்று. ஆல்டோஸ்டிரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், எப்ளெரினோன் போன்றவற்றைப் பொதுவாக நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். பீட்டா தடுப்பிகள் ரெனினைக் குறைத்து இல்லாத நோயை இருப்பதாகக் காட்டக்கூடும். ராமிப்ரில், லோசார்டான் வகை மருந்துகள் ரெனினை உயர்த்தி, இருக்கும் நோயை மறைக்கக்கூடும். டாக்ஸாசோசின், வெராபமில் ஆகியவை விகிதத்தை அதிகம் பாதிப்பதில்லை என்பதால் இடைக்காலத்தில் பயன்படுகின்றன. எந்த மாற்றத்தையும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். அழுத்தம் கட்டுமீறி உள்ளவரிடம் மருந்தை நிறுத்துவதைவிட, மருந்துடனேயே சோதித்து முடிவைக் கவனமாகப் பொருள்கொள்வது நல்லது என்பதே என் கருத்து.

விகிதம் உயர்ந்திருந்தால் உறுதிப்படுத்தும் பரிசோதனை தொடர்கிறது. பரவலாகச் செய்யப்படுவது, நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புநீரைச் சிரை வழியே செலுத்திப் பார்ப்பது. அதன் முடிவில் ஆல்டோஸ்டிரோன் 10 நானோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் நின்றால் சுரப்பு தன்னிச்சையானது. 5-க்குக் கீழ் இறங்கினால் நோய் இருக்க வாய்ப்பில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது. தானாகவே பொட்டாசியம் குறைந்து, ரெனின் அளவிட முடியாத அளவுக்கு வீழ்ந்து, ஆல்டோஸ்டிரோன் 20-க்கு மேல் இருப்பவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

கார்டிசாலைப் பொறுத்தவரை, இரவு 11 முதல் 12 மணிக்குள் டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டின் 1 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கச் செய்து, மறுநாள் காலை 8 அல்லது 9 மணிக்கு ரத்தத்தில் கார்டிசாலை அளப்பதுதான் எளிய வழி. 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்கு மேல் இருந்தால் கார்டிசால் சுரப்பு அடங்கவில்லை என்று பொருள். கருத்தடை மாத்திரை போன்ற ஈஸ்ட்ரோஜன் மருந்துகள் ரத்தத்தில் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைப் பெருக்கி அளவை உயர்த்திக் காட்டும். ஃபெனிட்டாயின், ரிஃபாம்பிசின் போன்றவை டெக்ஸாமெத்தசோனை விரைவில் சிதைத்து முடிவைக் குழப்பும். நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசாலும் 24 மணி நேரச் சிறுநீர்க் கார்டிசாலும் துணைச் சான்றுகளாகின்றன. இவை அனைத்துக்கும் முன்பாக, நோயாளி ஸ்டீராய்டு கலந்த களிம்பு, மூட்டு ஊசி, உறிஞ்சுமருந்து, உட்பொருள் தெரியாத மருந்துப் பொடி ஆகியவற்றுள் எதையேனும் பயன்படுத்துகிறாரா என்று பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

மிகுதி உறுதியானதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து, கார்டிசாலைச் சுரக்கும்படி அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை அளக்கிறோம். இடத்தைக் கண்டறிவதில் முதல் திருப்புமுனை இந்த ஒரே எண்தான். அது 10 பிக்கோகிராம்/மில்லிலிட்டருக்குக் கீழே அடங்கிக் கிடந்தால், அட்ரீனலே தன்னிச்சையாகச் சுரக்கிறது. 20-க்கு மேல் இருந்தால் காரணம் பிட்யூட்டரியிலோ வேறோர் இடத்திலோ இருக்கிறது, அட்ரீனலில் தேடுவது வீண்.

ஃபியோகுரோமோசைட்டோமாவுக்கு அட்ரீனலினையும் நார்அட்ரீனலினையும் அளப்பதைவிட, அவை சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின், நார்மெட்டாநெஃப்ரின் ஆகியவற்றை அளப்பது நம்பகமானது. அந்த ஹார்மோன்கள் அலை அலையாக வெளிப்படும்; இந்தச் சிதைபொருள்களோ கட்டியின் செல்லுக்குள்ளேயே இடைவிடாமல் உருவாகி ரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் அளப்பதானால் நோயாளியை 20 முதல் 30 நிமிடம் படுக்க வைத்து எடுக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் எடுத்த மாதிரி பொய்யாக உயர்ந்து வருவது வழக்கம். இயல்பின் மேல்எல்லையைவிட மூன்று, நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் கட்டி இருப்பது ஏறத்தாழ உறுதி. மனச்சோர்வுக்கான சில மருந்துகள், லெவோடோபா, மூக்கடைப்பு மருந்துகள் ஆகியவை இலேசான உயர்வைத் தருவதால், அவற்றை விலக்கி மீண்டும் சோதிக்கலாம்.

எந்தச் சிதைபொருள் உயர்ந்துள்ளது என்பதே இடத்தைப் பற்றிய ஒரு துப்பு என்பதை நான் எப்போதும் வியந்து கவனிப்பதுண்டு. நார்அட்ரீனலினை அட்ரீனலினாக மாற்றும் நொதி, புறணியிலிருந்து வரும் செறிந்த கார்டிசாலின் தூண்டலால் அட்ரீனல் அகணியில்தான் மிகுதியாக உருவாகிறது. ஆகவே மெட்டாநெஃப்ரின் தெளிவாக உயர்ந்திருந்தால் கட்டி அட்ரீனலுக்குள் இருக்கவே வாய்ப்பு மிகுதி. நார்மெட்டாநெஃப்ரின் மட்டும் உயர்ந்திருந்தால், அட்ரீனலோடு, அதற்கு வெளியே முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து சிறுநீர்ப்பை வரை, பாராகாங்லியோமா எனப்படும் இதே வகைக் கட்டியையும் தேட வேண்டும்.

மூன்றாம் படி: ஸ்கேன்

ஹார்மோன் மிகுதி உறுதியானதும், முதல் ஸ்கேனாக மெல்லிய வெட்டுகளுடன் கூடிய அட்ரீனல் சி.டி. போதும். சாயமருந்து செலுத்துவதற்கு முன்பே எடுக்கப்படும் படங்கள்தான் இதில் மிகவும் பயனுள்ளவை. திசுவின் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் அளக்கப்படுகிறது. கட்டி சீரான தோற்றத்துடன் 10 அலகுக்கு மிகாமல் இருந்தால், அது கொழுப்புச் செறிந்த, தீங்கற்ற புறணிக் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமா இந்த அளவுக்கு அடர்த்தி குறைந்து காணப்படுவது மிக மிக அரிது. 10-க்கு மேல் இருந்தால் சாயமருந்து செலுத்தி, 15 நிமிடம் கழித்து எவ்வளவு வெளியேறியிருக்கிறது என்று பார்க்கும் முறை உண்டு. முழுமை வெளியேற்றம் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தீங்கற்ற கட்டியாகக் கொள்வது வழக்கம். ஆனால் ஃபியோகுரோமோசைட்டோமாவும் இதே வெளியேற்றத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும் என்பதால், மெட்டாநெஃப்ரின் முடிவு கையில் இல்லாமல் இந்த எண்ணை நம்பக் கூடாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சாயமருந்து ஒவ்வாதவர்களுக்கும் உதவுகிறது. ஃபியோகுரோமோசைட்டோமா டி2 வகைப் படங்களில் விளக்குபோல ஒளிரும் என்று பாடநூல்கள் சொல்லும். எல்லாக் கட்டிகளும் அப்படி ஒளிர்வதில்லை.

கார்டிசால் சுரக்கும் கட்டியின் விஷயத்தில், கட்டியைப் பார்த்த கண்ணால் எதிர்ப்பக்கச் சுரப்பியையும் பார்க்க வேண்டும். ஏ.சி.டி.எச். அடங்கிப்போனதால் அது மெலிந்து சுருங்கியிருந்தால், கட்டி உள்ள பக்கமே சுரப்பின் இடம் என்பதற்கு நல்ல சான்று.

கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, ஓரம் ஒழுங்கற்று, அடர்த்தி 20 அலகுக்கு மேல் இருந்தால் புறணிப் புற்றுநோயை நினைக்க வேண்டும். கார்டிசாலும் ஆண்ட்ரோஜனும் ஒருசேர உயர்ந்திருப்பது அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. இத்தகையவர்களுக்கு டி.எச்.இ.ஏ.எஸ்., டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண்ட்ரோஜன்களின் அளவும், மார்பு சி.டி.யும், கதிரியக்கக் குளுக்கோஸை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனும் தேவைப்படும்.

நான்காம் படி: அட்ரீனல் சிரை மாதிரி

ஆல்டோஸ்டிரோன் மிகுதியில் மட்டும் சி.டி. படத்தோடு நின்றுவிட முடியாது. இந்த நோய் ஒரு பக்கக் கட்டியாலும் வரும், இரு சுரப்பிகளும் ஒருசேர மிகையாகச் சுரப்பதாலும் வரும். முன்னதற்கு அறுவை சிகிச்சை, பின்னதற்கு மாத்திரை. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. சொன்ன பக்கத்தையும் சிரை மாதிரி சொன்ன பக்கத்தையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான மதிப்பாய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இடப்பக்கம் கட்டி தெரிய, சுரப்பு வலப்பக்கத்திலிருந்து வருவதும் உண்டு.

இந்தப் பரிசோதனையில், தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு அட்ரீனல் சிரைகளிலிருந்தும் கீழ்ப் பெருஞ்சிரையிலிருந்தும் ரத்தம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆல்டோஸ்டிரோனையும் கார்டிசாலையும் அளக்கிறார்கள். இடச் சிரை, உதரவிதானத்திலிருந்து இறங்கும் சிரையோடு சேர்ந்து இடச் சிறுநீரகச் சிரையில் கலப்பதால் எளிதில் அகப்படும். வலச் சிரையோ மிகக் குட்டையானது. கூரிய கோணத்தில் நேரே கீழ்ப் பெருஞ்சிரையின் பின்பக்கத்தில் திறக்கிறது. பரிசோதனை தோல்வியுறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். முன்கூட்டியே சி.டி. படத்தில் வலச் சிரையின் வாயைக் குறித்துக்கொள்வதும், நோயாளி மேசையில் இருக்கும்போதே கார்டிசாலை விரைந்து அளப்பதும் வெற்றி வாய்ப்பைப் பெரிதும் உயர்த்துகின்றன. ஆனாலும் எல்லாவற்றையும்விட இதை அடிக்கடி செய்யும் கையே முக்கியம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் செய்யும் இடத்தைவிட, பழகிய குழு உள்ள மையத்தைத் தேடிச் செல்வது எவ்வளவு தொலைவானாலும் தகும்.

முடிவைப் படிப்பதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. கதீட்டர் உண்மையிலேயே அட்ரீனல் சிரையில்தான் இருந்ததா என்று முதல் கணக்கு கேட்கிறது: அட்ரீனல் சிரையின் கார்டிசாலைக் கீழ்ப் பெருஞ்சிரையின் கார்டிசாலால் வகுக்க வேண்டும். செயற்கை ஏ.சி.டி.எச். செலுத்திச் செய்திருந்தால் ஈவு 5-க்கு மேலும், செலுத்தாமல் செய்திருந்தால் 2-க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதில் தேறாத மாதிரியை வைத்துப் பக்கத்தை முடிவு செய்யவே கூடாது. இரண்டாவது கணக்கில், ஒவ்வொரு பக்கத்து ஆல்டோஸ்டிரோனையும் அதே பக்கத்துக் கார்டிசாலால் வகுத்து, இரு ஈவுகளையும் ஒப்பிடுகிறோம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செயற்கை ஏ.சி.டி.எச். செலுத்திய பின், கீழ்ப் பெருஞ்சிரையில் ஆல்டோஸ்டிரோன் 75, கார்டிசால் 25. வலச் சிரையில் 1200, 600. இடச் சிரையில் 4000, 250 என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் வலப்பக்கம் 24, இடப்பக்கம் 10, இரண்டும் தேறிவிட்டன. வகுத்த ஈவு வலப்பக்கம் 2, இடப்பக்கம் 16. ஆக இடப்பக்கச் சுரப்பு 8 மடங்கு. 4 மடங்குக்கு மேல் இருந்தால் ஒரு பக்க நோய் என்பதால், முடிவு ஐயத்துக்கு இடமின்றி இடப்பக்கமே. ஆல்டோஸ்டிரோன் எண்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால் 3.3 மடங்கு என்று வந்து, 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட ஐயநிலையில் நின்றிருப்போம். இடச் சிரையில் உதரவிதானச் சிரையின் ரத்தம் கலந்து நீர்த்துப்போவதைக் கார்டிசாலால் வகுப்பது ஈடுசெய்கிறது. மேலும் வலப்பக்க ஈவான 2, பெருஞ்சிரையின் ஈவான 3-ஐவிடவும் குறைவு. வலச் சுரப்பி அடங்கிக் கிடக்கிறது என்று அது கூடுதலாகச் சொல்கிறது.

ஆல்டோஸ்டிரோன் கட்டியே கார்டிசாலையும் சேர்த்துச் சுரந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். கட்டி உள்ள பக்கத்தில் வகுக்கும் எண் வீங்கி, ஈவு பொய்யாகச் சிறுத்துவிடும். அதனால்தான் சிரை மாதிரிக்கு முன்பே டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையை முடித்திருக்க வேண்டும். கார்டிசாலும் மிகையாகச் சுரப்பது தெரிந்தால், கார்டிசாலுக்குப் பதிலாக மெட்டாநெஃப்ரினை அளவுகோலாகக் கொள்ளலாம்.

35 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, பொட்டாசியம் தானாகக் குறைந்து, ஆல்டோஸ்டிரோன் மிக உயர்ந்து, சி.டி.யில் ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டியும் மறுபக்கம் இயல்பான சுரப்பியும் தெரிந்தால், சிரை மாதிரி இன்றியே அறுவைக்குச் செல்லலாம். 2016-இல் வெளியான ஸ்பார்ட்டகஸ் ஆய்வு, சி.டி.யை நம்பியவர்களுக்கும் சிரை மாதிரியை நம்பியவர்களுக்கும் ஓராண்டுக்குப் பின் தேவைப்பட்ட ரத்த அழுத்த மருந்தின் அளவில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. ஆயினும் அந்த ஆய்வின் முதன்மை அளவுகோல் மருந்தின் அளவுதான். ஹார்மோன் இயல்புக்குத் திரும்பியதா என்பது அன்று. 35 வயதைக் கடந்தவருக்குச் சிரை மாதிரி இன்றி ஒரு சுரப்பியை அகற்றுவதை நான் இன்னும் ஏற்க மாட்டேன்.

ஐந்தாம் படி: மூலக்கூறைத் தேடும் ஸ்கேன்கள்

ஆல்டோஸ்டிரோன் உருவாக்கும் நொதியில் ஒட்டிக்கொள்ளும் மெட்டோமிடேட் என்ற பொருளோடு கார்பன்-11 கதிரியக்க அணுவை இணைத்து எடுக்கும் பெட் ஸ்கேன், சிரை மாதிரிக்கு மாற்றாக வளர்ந்துவருகிறது. அதன் துல்லியம் சிரை மாதிரியைவிடக் குறைந்ததன்று என்று 2023-இல் வெளியான மேட்ச் ஆய்வு காட்டியது. கார்பன்-11 வெறும் 20 நிமிடங்களில் பாதியாகத் தேய்ந்துவிடுவதால், அந்த அணுவை உருவாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அருகிலேயே உள்ள மையங்களில்தான் இதைச் செய்ய முடியும்.

ஃபியோகுரோமோசைட்டோமாவில், கட்டியின் செல்களில் சேரும் பொருள்களோடு கதிரியக்க அணுவை இணைத்து எடுக்கும் இரண்டு ஸ்கேன்கள் பயன்படுகின்றன: அயோடின்-123 இணைந்த எம்.ஐ.பி.ஜி. ஸ்கேனும், கேலியம்-68 இணைந்த டோட்டாடேட் பெட் ஸ்கேனும். சிறிய கட்டி அட்ரீனலுக்குள் தெளிவாகத் தெரிந்து, மெட்டாநெஃப்ரினும் உயர்ந்திருந்தால் இவை பெரும்பாலும் தேவையில்லை. கட்டி 5 சென்டிமீட்டரைக் கடந்தாலோ, அட்ரீனலுக்கு வெளியே இருந்தாலோ, பரவல் ஐயம் இருந்தாலோ கட்டாயம் எடுக்க வேண்டும். பரவிய நோயில் டோட்டாடேட் பெரும்பாலும் எம்.ஐ.பி.ஜி.யைவிடக் கூடுதல் இடங்களைக் காட்டுகிறது. எம்.ஐ.பி.ஜி.க்கு முன் லேபெட்டலால் போன்ற மருந்துகளை நிறுத்துவதையும், தைராய்டைக் காக்கப் பொட்டாசியம் அயோடைடு கொடுப்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கட்டி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கேனும் பரம்பரை மரபணு மாற்றம் காணப்படுவதால், மரபணுப் பரிசோதனையை எல்லோருக்கும் பரிந்துரைக்க வேண்டும்; எஸ்.டி.எச்.பி. மரபணு மாற்றம் தெரிந்தால் கழுத்து முதல் இடுப்பு வரை தேடலை விரிவாக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

மெட்டாநெஃப்ரின் முடிவு வராமல் எந்த அட்ரீனல் கட்டியிலும் ஊசி குத்தித் திசு எடுக்கக் கூடாது. அது ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால், ஊசி பட்ட நொடியில் வெள்ளமாக வெளிப்படும் அட்ரீனலின் உயிரையே பறித்துவிடக்கூடும். புறணிப் புற்றுநோயாக இருந்தால், ஊசித் தடத்தில் செல்கள் சிதறக்கூடும். அதுபோலவே, ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவருக்கு அறுவைக்கு முன் 7 முதல் 14 நாட்களாவது ஆல்ஃபா தடுப்பி கொடுக்க வேண்டும். அதற்கு முந்திக்கொண்டு பீட்டா தடுப்பியைத் தொடங்கினால் அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

அறுவைக்குப் பின்: இடம் சரிதானா

சரியான இடத்தைத்தான் கண்டறிந்தோமா என்பதை அறுவைக்குப் பிந்திய பரிசோதனைகளே உறுதி செய்கின்றன. ஆல்டோஸ்டிரோன் கட்டியில் பொட்டாசியமும் ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதமும் இயல்புக்குத் திரும்ப வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த ரத்த அழுத்தம் முழுவதும் இறங்காமல் இருப்பது தனிப் பிரச்சினை, அதை வைத்து அறுவை தோற்றது என்று சொல்லக் கூடாது. கார்டிசால் கட்டியை அகற்றிய மறுநாள் காலை கார்டிசால் அடியோடு வீழ்ந்திருப்பது நல்ல அறிகுறி; உறங்கிக்கிடந்த எதிர்ப்பக்கச் சுரப்பி விழித்தெழ மாதங்கள் ஆகும் என்பதால், அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. ஃபியோகுரோமோசைட்டோமாவில் சில வாரங்களுக்குப் பின் மெட்டாநெஃப்ரினை அளந்து, அது இயல்பாக இருந்தாலும் குறைந்தது 10 ஆண்டுகள், மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுவதும், ஆண்டுதோறும் அளந்துவர வேண்டும்.